ஜோனி மிட்செல்: பாட்டு, ஓவியம், சுருதி மாற்றிய கிட்டார் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோனி மிட்செல் பாட்டு ஒன்று பிடித்துப்போய்க் கிட்டாரைக் கையில் எடுக்கிறவர்கள் அரை மணி நேரத்துக்குள் அதைக் கீழே வைத்துவிட்டு, "என் விரலில் கோளாறா, கிட்டாரில் கோளாறா?" என்று கேட்பார்கள். இரண்டிலும் இல்லை. கிட்டாரை அவர் சுருதி சேர்த்திருக்கும் விதமே வேறு. அந்தக் கேள்வியில் தொடங்கி ஓவியம், அட்டைப்படம், ஜாஸ், குரல் என்று பேச்சு எங்கெங்கோ போகும். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில், இவர் யார்?

கனடாக்காரர். 1943 நவம்பர் 7-ஆம் தேதி ஆல்பர்ட்டா மாநிலத்தின் ஃபோர்ட் மெக்லியோடில் பிறந்தார், சஸ்கட்டூனில் வளர்ந்தார். பெற்றோர் வைத்த பெயர் ரொபெர்ட்டா ஜோன் ஆண்டர்சன். மிட்செல் என்பது முதல் கணவரின் பெயர். திருமணம் இரண்டே வருடத்தில் முறிந்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1968-இல் முதல் ஆல்பம், 2007-இல் கடைசி ஸ்டூடியோ ஆல்பம். பாட்டெழுதி, இசையமைத்து, தானே பாடி, பெரும்பாலும் தானே அட்டைப்படமும் வரைந்தவர்.

எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது?

எல்லாரும் 'ப்ளூ' (1971) என்பார்கள். சரிதான், ஆனால் அது மனது கொஞ்சம் கனமாக இருக்கும்போது கேட்க வேண்டிய ஆல்பம். முதன்முதலில் கேட்பவருக்கு நான் 'கோர்ட் அண்ட் ஸ்பார்க்' (1974) கொடுப்பேன். முழு இசைக்குழு உண்டு, தாளம் உண்டு, அமெரிக்காவில் முதல் பத்துக்குள் நுழைந்த அவருடைய ஒரே பாட்டான 'ஹெல்ப் மீ'யும் அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு 'ப்ளூ'. இரண்டும் பழகியபின் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு 'ஹெஜிரா' (1976). இந்த வரிசையை மாற்றினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் 'ஹெஜிரா'வில் ஆரம்பித்து "மெட்டே இல்லையே" என்று ஓடிப்போன நண்பர்கள் எனக்கு உண்டு.

ஏன் எல்லாரையும் போல அவர் கிட்டாரைச் சுருதி சேர்க்கவில்லை? போலியோவால் என்கிறார்களே?

பாதி உண்மை. ஒன்பது வயதில் போலியோ வந்து மருத்துவமனையில் கிடந்தார், இடது கை பலவீனமானது. வழக்கமான சுருதியில் சில கார்டுகளுக்கு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே மீட்டலில் ஒலிக்கவைப்பது கார்டு) நான்கு விரலையும் நான்கு திசைக்கு இழுக்க வேண்டும், அது அவருக்குச் சிரமம். நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் கிட்டார் பாடம் சொல்லித்தரும் ரெக்கார்டு ஒன்றை வைத்துத் தானே பழகினார். அதில் வரும் கிட்டார் கலைஞர் எலிசபெத் காட்டனின் பாணி, அதாவது கட்டைவிரல் இரண்டு தடித்த கம்பிகளுக்கிடையே மாறி மாறி நடப்பது, அவருக்குப் பிடிபடவே இல்லை. கட்டைவிரல் ஒரே கம்பியில் நின்றுகொண்டது. அறுபதுகளின் நடுவில் டெட்ராயிட்டில் இருந்தபோது பாடகர் எரிக் ஆண்டர்சன் ஓப்பன் டியூனிங்கைக் காட்டிக்கொடுத்தார். கம்பிகளைத் தளர்த்தி, விரலே வைக்காமல் மீட்டினாலும் ஒரு முழு கார்டு ஒலிக்கும்படி வைப்பதுதான் ஓப்பன் டியூனிங். ப்ளூஸ் பாடகர்கள் காலங்காலமாகச் செய்ததுதான்.

கை வலியோடு கதை முடிந்திருந்தால் அவர் இரண்டு மூன்று டியூனிங்கோடு நின்றிருப்பார். ஐம்பதுக்கும் மேல் கண்டுபிடித்திருக்கிறார். கையைக் காப்பாற்ற ஐம்பது எதற்கு? என் கட்சி இதுதான்: ஓவியர் ஒருவர் வரைய உட்காருமுன் தட்டில் வண்ணத்தைக் குழைத்துக்கொள்வது போல, அவர் பாட்டு எழுதுமுன் கம்பிகளைக் குழைத்துக்கொள்கிறார். சாவியை அங்கும் இங்கும் திருகுவார், எதிர்பாராத நிறம் ஒன்று விழும், அந்த நிறத்துக்குள் பாட்டைத் தேடுவார். போலியோ கதவைத் திறந்துவிட்டது, உள்ளே போய் வீடு கட்டியவர் அவர்தான். ஊனம்தான் மேதைமையைத் தந்தது என்று கண்ணீர் வரவழைக்கும் கட்டுரைகளைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சொல்லப்போனால் பாடகர் நீல் யங்குக்கும் சிறுவயதில் போலியோ வந்தது, அவரும் கனடாக்காரர்தான். அவர் இந்தப் பாதையில் இவ்வளவு தூரம் போகவில்லை.

'டி 7 5 4 3 5' என்று எழுதியிருக்கிறார்களே, போன் நம்பரா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். இது ஜோனி தனக்காக வைத்துக்கொண்ட குறிப்பு முறை, பழகினால் இதைவிட எளிது வேறில்லை. முதல் எழுத்து, இருப்பதிலேயே தடித்த ஆறாவது கம்பியின் சுரம். அடுத்து வரும் எண் ஒவ்வொன்றும், இந்தக் கம்பியை எத்தனையாவது ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தினால் அடுத்த கம்பியின் சுரம் கிடைக்கும் என்று சொல்கிறது.

கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது கம்பியை 'இ'யிலிருந்து 'டி'க்கு இறக்குங்கள். அதை ஏழாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள், 'ஏ' வரும், ஐந்தாவது கம்பி அதுதான், தொட வேண்டாம். ஐந்தாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட் 'டி', நான்காவது கம்பியும் அதேதான். நான்காவது கம்பியின் நான்காவது ஃப்ரெட் 'எஃப் ஷார்ப்', ஆகவே மூன்றாவது கம்பியை அரைச் சுரம் இறக்க வேண்டும். இப்படியே போனால் கடைசி இரண்டு கம்பிகளும் 'ஏ', 'டி' என்று இறங்கி நிற்கும். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுங்கள். கர்நாடக இசைக் காதுக்குச் சொன்னால் ச ப ச க ப ச. வீணையின் நான்கு வாசிப்புத் தந்திகளும் ச-வும் ப-வுமாக நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயமே இருக்காது.

இந்த எண் முறையின் அழகு எங்கே இருக்கிறதென்றால், முதல் எழுத்தை மாற்றினாலும் எண்கள் மாறாவிட்டால் விரல் வைக்கும் இடங்களும் மாறாது. இ 7 5 4 3 5, டி 7 5 4 3 5, சி 7 5 4 3 5 மூன்றும் ஒரே குடும்பம்தான். 'பிக் யெல்லோ டாக்ஸி'யும் 'போத் சைட்ஸ் நவ்'வும் இந்தக் குடும்பம், சில வருடம் கழித்து எழுதிய 'அமீலியா' அதே குடும்பத்தின் அடித்தளத்தில், 'சி'யில் இருக்கிறது. கட்டை இறங்க இறங்க அதே விரல்களில் வேறு ஓர் இருட்டு வந்து சேர்கிறது. ஓப்பன் ஜி என்றால் டி 5 7 5 4 3. 'லிட்டில் கிரீன்', 'தி சர்க்கிள் கேம்' இரண்டும் அதில் அமைந்தவை. நாம் பழகிய சாதாரண சுருதியையும் இதே முறையில் எழுதினால் இ 5 5 5 4 5.

'கயோட்டி' பாட்டின் டியூனிங்கில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாரும் அதையே சொல்கிறார்கள்.

சி 7 7 3 7 4. கம்பிகள் வரிசையாக சி, ஜி, டி, எஃப், சி, இ. சுரமாகச் சொன்னால் ச ப ரி ம ச க. ஒருமுறை படித்துப் பாருங்கள், எந்தத் தம்புராவும் ஒத்துக்கொள்ளாத கூட்டணி அது. கீழ் மூன்று கம்பிகளும் பஞ்சமத்துக்கு மேல் பஞ்சமமாக அடுக்கி நிற்கின்றன, திறந்தவெளி மாதிரி. மேல் மூன்றும் வேறொரு கார்டின் துண்டு. ரியும் கவும் மவும் ஒரே மீட்டலில் ஒலித்தால் உரசல்தானே வர வேண்டும்? ஆனால் வெவ்வேறு ஸ்தாயியில் தள்ளித் தள்ளி நிற்பதால் உரசாமல் மினுங்குகின்றன.

நான் இதை முதலில் முயன்றது ஒரு மழைநாள். ஆறாவது கம்பியை சி வரை இறக்கியதும் அது தொளதொளவென்று ஃப்ரெட்டில் மோதி இரைந்தது, கிட்டார் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இரண்டாவது கம்பியை மட்டும் அரைச் சுரம் ஏற்ற வேண்டும், மற்றதெல்லாம் இறக்கம் அல்லது அப்படியே. எல்லாம் முடிந்து வெறும் கையால் மீட்டியபோது அந்தப் பாட்டின் முதல் நொடி அப்படியே அறைக்குள் வந்து நின்றது. இடது கை மடியில் கிடந்தது, ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதற்குமேல் பாட்டை வாசிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது, ஏனென்றால் கஷ்டமெல்லாம் வலது கையில் இருக்கிறது. அவர் கம்பியை வருடுவதில்லை, அடிக்கிறார், தட்டுகிறார், நிறுத்துகிறார், மேளம் வாசிப்பது போல. டியூனிங்கை இறக்கிவைத்துவிட்டு "ஜோனி மாதிரி வரவில்லையே" என்று புலம்புகிறவர்கள் வலது கையைத்தான் கவனிக்க வேண்டும்.

இந்த வகை கார்டுகள் முடிவுக்கு வராமல் தொங்கிக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்கும் கார்டுகள் என்று அவரே அவற்றைச் சொல்வார். மனதில் தீராத கேள்வி இருக்கும்போது தீர்ந்துபோன கார்டை எதற்கு வாசிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கம்பி அறுந்துவிடாதா?

இறக்கினால் அறாது. ஏற்றினால்தான் ஆபத்து. ஓப்பன் இ-க்கு மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டும், நான் நாலாவது கம்பியை அப்படித்தான் பறிகொடுத்தேன், கன்னத்தில் கோடு விழுந்ததுதான் மிச்சம். அதே குடும்பத்து டி-யில் வைத்துக்கொண்டு இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போடுங்கள், ஒலி ஒன்றேதான். அடிக்கடி சி வரை இறங்குகிறவர்கள் ஆறாவது கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் இரைச்சல் குறையும். டியூனரைப் பார்த்துச் சேர்த்தபிறகும் காதால் ஒருமுறை சரிபாருங்கள், தளர்ந்த கம்பியை விரல் சற்று அழுத்தினாலே சுருதி ஏறிவிடும்.

'ப்ளூ' ஆல்பத்தில் சில பாட்டுகள் எந்த டியூனிங்கிலும் பொருந்த மாட்டேன் என்கின்றன.

அவை கிட்டார் பாட்டே இல்லை! 'ஆல் ஐ வான்ட்', 'கேரி', 'கலிஃபோர்னியா', 'எ கேஸ் ஆஃப் யூ' நான்கிலும் அவர் வாசிப்பது அப்பலாச்சியன் டல்சிமர். மடியில் படுக்கவைத்து வாசிக்கும் ஒல்லியான வாத்தியம். 1970-இல் ஐரோப்பா போனபோது அதைத்தான் எடுத்துப் போனார், கிரீட் தீவின் மத்தாலாவில் குகைகளில் தங்கியிருந்த ஹிப்பிகளோடு இருந்தபோது உருவானதுதான் 'கேரி'. 'எ கேஸ் ஆஃப் யூ'வில் கேட்கும் கிட்டார் பாடகர் ஜேம்ஸ் டெய்லருடையது. 'ரிவர்', 'மை ஓல்ட் மேன்' எல்லாம் பியானோ. இதெல்லாம் தெரியாமல் ஒரு வாரம் சாவி திருகியவர்கள் வெட்கப்பட வேண்டாம், துணைக்கு ஆள் உண்டு.

ஒவ்வொரு பாட்டுக்கும் டியூனிங் மாற்றினால் மேடையில் எப்படிச் சமாளித்தார்?

கஷ்டப்பட்டுத்தான். பாட்டுக்குப் பாட்டு சாவி திருக வேண்டும், அந்த நேரத்தில் கதை சொல்லிக் கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டும். எழுபதுகளில் அவருடைய கிட்டார்களைப் பார்த்துக்கொண்ட புகைப்படக்காரர் ஜோயல் பெர்ன்ஸ்டீன் டியூனிங்குகளைக் குறித்துவைத்தார். பின்னாளில் ஜோனிக்கே மறந்துபோனவற்றை அவரிடமிருந்து மீட்க வேண்டியிருந்தது. 1995-இல் ரோலண்ட் நிறுவனத்தின் விஜி-8 என்ற கருவி கைக்கு வந்தது. கம்பி சாதாரண சுருதியிலேயே இருக்கும், ஒலிபெருக்கியில் மட்டும் வேண்டிய டியூனிங் கேட்கும். மேடையே வேண்டாம் என்று ஒதுங்க நினைத்தவரை அது திரும்ப இழுத்துவந்தது. 'டேமிங் தி டைகர்' (1998) முழுக்க அந்தச் சத்தம்தான். எனக்கு அந்தக் கண்ணாடிப் பளபளப்பு ஒட்டவில்லை, மரக் கிட்டாரே மேல். இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிற ரசிகர்கள் இருக்கிறார்கள், வரட்டும்.

அட்டைப்படங்கள் எல்லாம் அவரே வரைந்தவையா?

எல்லாம் இல்லை. 'ப்ளூ' டிம் கான்சிடைன் எடுத்த புகைப்படம். 'ஹெஜிரா' பல புகைப்படங்களை ஒட்டிச் செய்தது. உறைந்துபோன ஏரியில் கறுப்பு உடையோடு பனிச்சறுக்குக் காலணி மாட்டி நிற்கிற படங்கள் விஸ்கான்சினில் எடுக்கப்பட்டவை. மற்றபடி பெரும்பாலும் அவர் கைதான்.

முதல் ஆல்பமான 'சாங் டு எ சீகல்' அட்டையைக் கண்ணுக்கருகே வைத்துப் பாருங்கள். பறக்கிற கடற்பறவைகள் கூட்டமாகச் சேர்ந்து ஆல்பத்தின் பெயரை எழுதிக்கொண்டு போகும். இரண்டாவது ஆல்பமான 'க்ளவுட்ஸ்' (1969) அவருடைய சுயஉருவம். நேராக நம்மைப் பார்க்கிறார், கையில் சிவப்பு லில்லி, அது சஸ்காச்சுவான் மாநிலத்தின் பூ. பின்னால் மாலைச் சிவப்பில் ஆறும் சஸ்கட்டூனின் பெஸ்பரோ ஹோட்டலும். கலிஃபோர்னியாவில் பெயர் வாங்கத் தொடங்கிய பெண் அட்டையில் போட்டுக்கொண்டது சொந்த ஊர் ஆற்றை. 'லேடீஸ் ஆஃப் தி கேன்யன்' (1970) கிட்டத்தட்ட வெற்றுத்தாள்: ஒரு கோட்டில் பெண்ணின் உருவம், ஒரு மூலையில் மட்டும் வண்ணம். 'தி ஹிஸ்ஸிங் ஆஃப் சம்மர் லான்ஸ்' (1975) பச்சைப் புல்வெளி, நீளமான பாம்பைச் சிலர் தூக்கிக்கொண்டு நகரத்தை நோக்கிப் போகிறார்கள். அந்த ஆல்பத்தைக் கேட்டுப் புரியாதவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பாதி விளங்கும்.

நண்பர்களுக்கும் வரைந்திருக்கிறார். க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் நால்வர் இசைக்குழுவின் 'சோ ஃபார்' (1974) ஆல்பத்தின் அட்டை இவருடையது. 'டர்புலன்ட் இண்டிகோ'வுக்கு (1994) வான் கோ போலக் காதில் கட்டுப்போட்டுத் தன்னையே வரைந்தார். அதற்குச் சிறந்த பாப் ஆல்பம் என்று ஒரு கிராமி, அட்டை வடிவமைப்புக்கு ஒரு கிராமி.

மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. 'டான் ஹுவான்ஸ் ரெக்லெஸ் டாட்டர்' (1977) அட்டையில் முகத்தில் கறுப்பு மை பூசிக் கறுப்பின ஆண் வேடத்தில் நிற்பவர் அவர்தான். அது தப்பு, அன்றும் தப்புதான். பின்னாளில் வந்த மறுவெளியீட்டில் அட்டையை மாற்றிவிட்டார்கள். பாட்டு பிடிக்கும் என்பதற்காக இதற்குச் சப்பைக்கட்டு கட்ட வேண்டிய அவசியம் நமக்கில்லை.

அவர் முதலில் ஓவியரா, பாடகியா?

அவரைக் கேட்டால் ஓவியர்தான், சூழ்நிலையால் தடம் மாறிய ஓவியர். பள்ளியில் க்ராட்ஸ்மன் என்ற ஆசிரியர், தூரிகையால் வரையத் தெரிந்தால் சொல்லாலும் வரையலாம் என்று சொல்லிக்கொடுத்தார். முதல் ஆல்பத்தை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார். 1963-இல் கால்கரி ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அப்போது அருவ ஓவியம்தான் எல்லாம், இவருக்கோ முகமும் மலையும் வரைய ஆசை. ஒரு வருடத்தில் விட்டுவிட்டு டொராண்டோவுக்குப் பாடக் கிளம்பினார்.

பாட்டு வறண்டால் வரைவார், வரைந்து அலுத்தால் பாடுவார். பயிரை மாற்றி விதைப்பது போல என்று அவரே சொல்வார், சமவெளிக் கோதுமை நாட்டில் வளர்ந்தவர் இல்லையா. 1971-இல் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் பாட்டுகளைக் கையால் எழுதி, பக்கத்திலேயே படமும் வரைந்து நூறு பிரதி செய்தார். 2019-இல்தான் அது 'மார்னிங் க்ளோரி ஆன் தி வைன்' என்று எல்லாருக்கும் கிடைத்தது. கிடைத்தால் புரட்டுங்கள், எழுத்து எங்கே முடிந்து கோடு எங்கே தொடங்குகிறது என்று சில பக்கங்களில் தெரியாது.

1974-இன் மேடைப் பதிவு 'மைல்ஸ் ஆஃப் ஐல்ஸ்' ஆல்பத்தில் ஒரு இடம். பழைய பாட்டைக் கேட்டுக் கூட்டம் கத்துகிறது. வான் கோவிடம் யாரும் போய், அந்த நட்சத்திர இரவை இன்னொரு தடவை வரை என்று கேட்டதில்லையே என்கிறார். சொல்லிச் சிரித்துவிட்டு, 'தி சர்க்கிள் கேம்' என்ற பழைய பாட்டைப் பாடவும் செய்கிறார்.

எழுபதுகளின் கடைசி ஆல்பங்கள் காதில் ஏறவே இல்லை. நான் மட்டும்தானா?

இல்லை. அன்றைய ரசிகர்களே பாதியில் இறங்கிவிட்டார்கள். 1976-இல் மெய்ன் மாநிலத்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வரும்போது எழுதியவைதான் 'ஹெஜிரா'வின் பல பாட்டுகள். பெயரே நமக்குத் தெரிந்த ஹிஜ்ரத்தான், ஊர் விட்டுப் போதல். அதில் ஜாக்கோ பஸ்டோரியஸ் ஃப்ரெட் இல்லாத பேஸ் கிட்டார் வாசிக்கிறார். தாளம் காட்டும் வேலையே அதற்கில்லை, ஜோனியின் குரலோடு பக்கத்தில் நடந்து வரும் இன்னொரு குரல். பாட்டைக் கேட்காமல் அந்த பேஸை மட்டும் ஒருமுறை முழுக்கக் கேளுங்கள், பிறகு பாட்டுக்கு வாருங்கள். 'மிங்கஸ்' (1979) வேறு கதை. நோயால் சக்கர நாற்காலியில் முடங்கியிருந்த ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் மெட்டுகளைக் கொடுத்துச் சொற்கள் கேட்டார். ஆல்பம் முடியுமுன் அந்த ஜனவரியில் இறந்துபோனார். அட்டையில் இருப்பதும் ஜோனி வரைந்த மிங்கஸ்தான். எனக்கு ஆல்பத்தைவிட அந்த ஓவியங்கள் பிடிக்கும்.

வுட்ஸ்டாக்கில் பாடினாரா?

இல்லை. 1969-இல் நடந்த அந்தப் பெரிய இசை விழாவுக்கு அவர் போகவே இல்லை, மறுநாள் டிவி நிகழ்ச்சி இருந்ததால் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். போகாதவர் எழுதியதுதான் 'வுட்ஸ்டாக்' பாட்டு.

குரல் ஏன் இப்படி மாறிவிட்டது?

வயதும் சிகரெட்டும். ஒன்பது வயதிலிருந்தே புகைத்ததாகச் சொல்வார். 'போத் சைட்ஸ் நவ்'வை 1969-இலும் 2000-இலும் பாடியிருக்கிறார், இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் இருபத்தைந்து வயதுப் பெண் வாழ்க்கையைப் பற்றி ஊகிக்கிறாள். இரண்டாவதில் பெரிய ஆர்கெஸ்ட்ராவின் நடுவே ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். அந்த 2000 ஆல்பத்தின் அட்டையும் சுயஉருவம்தான், விரலிடுக்கில் சிகரெட்டோடு.

2015-க்குப் பிறகும் கிட்டார் வாசிக்கிறாரா?

2015 மார்ச் கடைசியில் மூளை ரத்தக்குழாய் வெடித்து வீட்டில் மயங்கிக் கிடந்தார். பேச்சு, நடை எல்லாவற்றையும் மறுபடி கற்க வேண்டியிருந்தது. வீட்டில் பிராண்டி கார்லைல் போன்ற இளைய பாடகர்கள் கூடிப் பாட ஆரம்பித்தார்கள், மெல்ல இவரும் சேர்ந்துகொண்டார். 2022 ஜூலை 24, நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. முன்கூட்டி அறிவிக்கவில்லை. எழுபத்தெட்டு வயது, பொன்னிற நாற்காலி. நடுவில் எழுந்து நின்று எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு 'ஜஸ்ட் லைக் திஸ் ட்ரெய்ன்' பாட்டைப் பாடாமல் கிட்டாரில் மட்டும் வாசித்தார்.

விரலை எங்கே வைப்பது என்றே மறந்துபோயிருந்தது. தன் பழைய வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, தன் கை எங்கே போகிறது என்று கவனித்துக் கற்றுக்கொண்டாராம். நாமெல்லாம் திரைக்கு முன் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, அதே கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.